இழைப்பு மெஷினுக்குப் புதுச் சக்கரம்

மாலை ஆறு மணியானால் அந்த வீட்டு வாசலில் ஹாரன் அலறும். கார் ஷெட்டின் கதவுக்கு நேரே வண்டியை நிறுத்திக்கொண்டு, உள்ளே தங்கை தன் மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளி முடிக்கும்வரை அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். இறங்கி வந்து கூட ஒரு கை கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. நான்கு வருஷமாக அவன் இறங்கியதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனபடி மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தங்கைக்கு, ஷெட் இருவருக்கும் பொது. அந்த 'பொது' என்ற ஒரு சொல்லால் வந்த வினைதான் எல்லாம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஷெட் தங்கையின் வேலைக்கு, மற்ற நேரம் அண்ணனின் காருக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு மூன்று பேருக்கும் இடையே பேச்சு சுருங்கிப்போனது.

தங்கை அலமாரி, மேஜை, கட்டில் செய்து பிழைக்கிறவள். தெருவில் அவளுக்கு ரம்பம் என்று பெயர். வைத்தது அண்ணன்தான். சின்ன வயதில் ஒரு விஷயத்தைப் பிடித்தால் எதிரில் இருப்பவன் கொட்டாவி விட்டுத் தூங்கும்வரை பேசுவாள் என்பதற்காகக் கேலியாக வைத்தது. பிற்பாடு நிஜமாகவே ரம்பம் வாங்கித் தொழிலுக்கு வந்ததும் வசவு பட்டமாகிவிட்டது. "ரம்பம் அக்காகிட்ட குடுங்க, பிசிறில்லாம பண்ணித் தருவாங்க" என்று கடைக்காரர்களே ஆள் அனுப்பினார்கள்.

ஷெட்டில் மூன்று மெஷின்கள். வட்ட ரம்பம் பொருத்திய மேஜை, ஆளுயரத்தில் பட்டை ரம்பம் ஓடும் பேண்ட் சா, மூன்றாவதாக இழைப்பு மெஷின். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் வழவழவென்று ஒரே கனத்தில் வெளியே வரும். வார்ப்பு இரும்பு. முந்நூற்று இருபது கிலோ. அதன் ஸ்டாண்டோடு வந்த சக்கரங்களோ எலுமிச்சம்பழ அளவில் கறுப்பு பிளாஸ்டிக். யானைக்குக் குழந்தைச் செருப்பு மாட்டியதுபோல. நாளுக்கு இரண்டு முறை நகர்த்தி நகர்த்தி அவை உருள்வதையே மறந்துவிட்டன. தேய்த்துக்கொண்டுதான் போகும். சிமெண்டுத் தரையில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

ஒருநாள் ஹாரன் அலறிக்கொண்டிருந்தபோது ஒரு சக்கரம் படீரென்று உடைந்தது. மெஷின் அவள் பக்கம் சாய்ந்தது. தோளைக் கொடுத்துத் தாங்கி, காலால் ஒரு கட்டையை இழுத்து அடியில் தள்ளி நிமிர்வதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. ஹாரன் நிற்கவில்லை. வெளியே வந்தாள்.

"அண்ணா, வீல் உடைஞ்சிடுச்சு. இன்னிக்கு ஒருநாள் காரை வெளிய விடு."

"ஏன், என் கார் என்ன அனாதையா, தெருவுல நிக்க?"

"மெஷின் சாய்ஞ்சு நிக்குதுங்கறேன். என் மேல விழுந்திருக்கும்."

"ஆறு மணின்னு எழுதியிருக்கு. சாய்ஞ்சா ஏழு மணின்னு எழுதலையே."

அவள் உள்ளே போய் ஷெட் கதவை இழுத்துச் சாத்தினாள். அன்றிரவு கார் தெருவில் நின்றது. மறுநாள் காலை அதன் கண்ணாடியில் காக்கை எச்சம். அதையும் தங்கைதான் செய்தாள் என்பதுபோல அண்ணி மாடியிலிருந்து முறைத்துவிட்டு ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

மாடி ஜன்னல்கள் எப்போதுமே சாத்தித்தான் இருக்கும். தூசிக்கும் சத்தத்துக்கும் என்று சொல்லி அண்ணி ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தாள். போன வருஷம் நகராட்சிக்கு யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மெஷின் ஓடக் கூடாது, தூசி உறிஞ்சும் கருவி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுதியது எதிர்வீட்டுப் பல் டாக்டர்தான் என்று தங்கை முடிவே கட்டிவிட்டாள். ஏற்கெனவே ஒருமுறை நர்ஸை அனுப்பி, "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா" என்று கேட்டவர் அவர். நோயாளிகள் கன்னத்தில் கை வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்த அறையில் போய் நின்று கத்தினாள்: "ஊர்ல எல்லாரையும் வாயைத் தொறங்க வாயைத் தொறங்கன்னு சொல்றீங்களே, உங்க வாயைத் தொறந்து எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே!" டாக்டர் "நான் எழுதலம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் நம்பவில்லை. வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

சக்கரம் உடைந்த மறுநாள் அவள் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் வீதிக்குப் போனாள். சக்கரம் மட்டுமே விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எடை எவ்வளவும்மா?"

"முந்நூத்தி இருபது. நாலு சக்கரம். அப்போ ஒண்ணுக்கு எண்பது கிலோ."

"நாலால வகுக்காதீங்க, மூணால வகுங்க. எந்தத் தரையும் சமமா இருக்காது. எப்பவும் ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னு வேடிக்கை பாக்கும். மத்த மூணும்தான் சுமக்கும்." உள்ளங்கை அகலத்தில், சிவப்பாக, ரப்பர் மாதிரி இருந்தும் நகம் பதியாத ஒரு சக்கரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது ஒண்ணே இருநூறு தாங்கும். ரெண்டு நேரா ஓடுறது, ரெண்டு சுத்துறது வாங்கிக்கங்க."

"நாலும் சுத்துறதே குடுங்க. இடம் கம்மி. பக்கவாட்டுல சொருகணும்."

"நாலும் சுத்தினா மெஷின் உங்க பேச்சைக் கேக்காதும்மா. திசை மாத்தும்போது சக்கரம் ஒரு சுத்து திரும்பும் பாருங்க, அந்த நேரத்துல எந்தப் பக்கம் போறோம்னு அதுக்கே தெரியாது."

"நான் கேக்க வெச்சுக்கறேன்."

"பிரேக்காவது நாலுக்கும் போட்டுக்கங்க."

"ரெண்டுக்குப் போதும்."

கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தாள். மெஷினை ஒரு பக்கமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, அடுத்த பக்கத்தைத் தூக்கினாள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை அடியில் விடுகிறவள் அல்ல அவள். பழைய சக்கரத்தின் துளைகளும் புதியதன் துளைகளும் ஒத்துவரவில்லை. வெல்டரிடம் முன்பே வெட்டி வாங்கி வைத்திருந்த இரும்புத் தகடுகளில் புதிதாகத் துளை போட்டு, ஒரு சக்கரத்துக்கு நான்கு போல்ட், ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் என்று முறுக்கினாள். விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். மாடிப்படியில் இறங்கி வந்த அண்ணன் வாசலில் நின்று பார்த்தான்.

"ஓட்டை வண்டிக்குப் புது டயரா?"

"வெளிச்சத்தை மறைக்காதே."

மதியத்துக்குள் முடிந்தது. கட்டைகளை உருவி மெஷினை இறக்கி ஒரு விரலால் தள்ளினாள். போனது. முந்நூற்று இருபது கிலோ, வெண்ணெயில் கத்தி போனதுபோலச் சத்தமில்லாமல் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் குடிக்கத் திரும்பிப் பார்க்கையில் மெஷின் தானாகவே கதவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிரேக்கை மிதித்தாள். மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரையைத் தெருப்பக்கம் சரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பழைய சக்கரங்கள் எந்தக் காலத்தில் உருண்டன, அவளுக்குத் தெரிய?

இனி எப்போது விட்டாலும் பிரேக் போட்டுத்தான் விட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவன்தான் மெஷினைத் தொடவே மாட்டானே.

அடுத்த நாள் மாலை அவன் வந்து ஹாரனில் கை வைப்பதற்குள் ஷெட் காலியாக இருந்தது. மூன்று மெஷினும் சுவரோரம் போய்ச் சேர்ந்திருந்தன. அடிக்க முடியாத ஹாரனோடு காரை உள்ளே விட்டு இறங்கினான். முகத்தில் ஏமாற்றம்.

"கூலிக்கு ஆள் வெச்சியா?"

"சக்கரம் மாத்தினேன்."

அவன் இழைப்பு மெஷினிடம் போய், பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, மெல்லத் தள்ளிப் பார்த்தான். இழுத்தும் பார்த்தான். "பரவாயில்லையே. ஒரு ஆளே நகர்த்திடலாம் போல" என்றான். நான்கு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, செய்து முடித்த அலமாரி ஒன்றைக் கொடுப்பதற்காக ஊரின் மறுகோடிக்கு வேனில் போனாள். திரும்ப மாலையாகும் என்று எதிர்ப்பட்ட அண்ணியின் காதில் விழும்படி வேன்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். போன இடத்தில் அலமாரி படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. நாளை ஆள் வைத்துக் கயிற்றில் ஏற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கே வீடு வந்துவிட்டாள்.

ஷெட் கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு நேரே அண்ணன் கார், மூக்கை உள்ளே நீட்டியபடி. காருக்கும் இழைப்பு மெஷினுக்கும் நடுவில் அண்ணன்.

நின்றுகொண்டிருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். கிட்டே போன பிறகுதான் புரிந்தது. மெஷினின் இரும்பு விளிம்பு அவன் வலது தொடையைக் காரின் முன்பக்கத்தோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து வியர்த்திருந்தது. இரண்டு கைகளாலும் மெஷினைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை சிவந்திருந்தது.

"எடு... எடு இதை. எவ்வளவு நேரமா கத்தறேன். ஒருத்தர் காதுலயும் விழல."

மாடி ஜன்னல்களின் இரட்டைக் கண்ணாடியில் மதிய வெயில் அடித்தது.

அவள் சட்டென்று குனிந்து, கையில் அகப்பட்ட இரண்டு மர ஆப்புகளைப் பின்சக்கரங்களுக்கு முன்னால் சொருகித் தட்டினாள். இனி மெஷின் இன்னும் கீழே உருண்டு அவனை மேலும் நசுக்காது. பிரேக் முன்சக்கரங்களில்தான். அவை அவன் முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன.

"காரை எடுக்கலாம். சாவி எங்க?"

"பேண்ட் பாக்கெட்ல. இந்தப் பக்கம்." நசுங்கிக் கிடந்த தொடையைக் கண்ணால் காட்டினான். "போன் காருக்குள்ள. இழுடி. சும்மா பாத்துட்டு நிக்காம இழு."

"இழுத்தா சக்கரம் திரும்பும். திரும்பும்போது மெஷின் பக்கவாட்டுல ஒரு வெட்டு வெட்டும். உன் கால் அதுக்குள்ளதான் இருக்கு. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் வேணும். இரு, அண்ணியைக்—"

அண்ணியைக் கூப்பிடத்தான் திரும்பினாள். அப்போது தரையில் அது கண்ணில் பட்டது. மஞ்சள் நிற அளவு நாடா. சுருள் விரிந்து, மெஷின் வழக்கமாக நிற்கும் பின்சுவர்வரை நீளமாகக் கிடந்தது. சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடுகள். ஒரு கோட்டின் பக்கத்தில் எண் எழுதியிருந்தது. அண்ணனின் எழுத்து அல்ல.

அவள் நின்றாள்.

"யார் வந்தது?"

"முதல்ல எடு."

"முதல்ல சொல்லு. யார் வந்து அளந்தது?"

"கால் மரத்துப் போச்சு, தெரியுதா உனக்கு?"

"தெரியுது. யார் வந்தது?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகம். இந்த முகம் வந்துவிட்டால் அவள் நகர மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"டைல்ஸ் கடைக்காரர்," என்றான். "கிடங்குக்கு இடம் பாக்கறார். காட்டினேன். போயிட்டார்."

"எந்த இடத்தை?"

"இதைத்தான்."

"என் மெஷின் எங்க போகும்?"

"அதான் இப்போ ஒரு விரல்ல தள்ளினா போகுதே! வெளிய தள்ளி தார்ப்பாய் போட்டு மூடினா போச்சு." வலியில் பல்லைக் கடித்தான். "நீ வர்றதுக்குள்ள திரும்ப வெச்சிடலாம்னுதான் மேல தள்ளினேன். சனியன், திரும்பி என் மேலயே வந்துடுச்சு."

நடந்தது அவளுக்கு இப்போது முழுதும் விளங்கியது. சரிவில் இறக்கும்போது பூப்போலப் போயிருக்கும். அளந்து பார்த்துவிட்டு டைல்ஸ்காரர் கிளம்பியபின், தடயம் தெரியாமல் மறுபடி மேட்டில் ஏற்றப் பார்த்திருக்கிறான். சக்கரங்கள் நான்கும் திரும்பிய அந்தக் கணத்தில் மெஷின் ஆடியிருக்கும். பிடி விட்டிருக்கும். அவன் கீழ்ப்பக்கத்தில் நின்றிருக்கிறான்.

"நான் புதுச் சக்கரம் போட்டது உனக்கு வசதியாப் போச்சு."

"ஆமா. போச்சு. இப்போ எடு."

"நான் கையெழுத்துப் போடாம எப்படி விடுவே?"

"நீ போட மாட்டே. அதனாலதான் கேக்கல. எதுக்குத்தான் நீ ஒத்துக்கிட்டிருக்கே? நகராட்சிக்கு எழுதினா அப்பவாவது அடங்குவேன்னு பாத்தேன். அதுக்கும் அசரல."

அந்த வாக்கியம் வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"நீயா எழுதினே?"

அவன் முகத்தைக் காரின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் அந்த டாக்டரை அத்தனை பேர் முன்னாடி... ஒரு வருஷமா அவர் முகத்தைப் பாத்தா காறித் துப்பாத குறையா... நீ மாடியில இருந்து பாத்துட்டுத்தானே இருந்தே?"

"பாத்தேன்," என்றான். "உன்னைப் போய்க் கத்தச் சொன்னேனா? நீயாப் போனே. உனக்கு யாராவது ஒருத்தர் வேணும், அறுக்க." மூச்சு வாங்கியது. "எனக்கு ஆப்பு வெச்சுட்டு நின்னு நியாயம் பேசறியே, நீ மனுஷியா?"

அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். போகலாம், மாடி ஏறி மணியை அடிக்கலாம், எத்தனை படி, இருபது. போகவில்லை. அவன் வலியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் "தயவு பண்ணு" என்று சொல்லும்வரை நிற்கலாம் என்று நினைத்தாளா, அல்லது எதுவுமே நினைக்கவில்லையா என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை. அவன் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது அவள் வந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஆப்பு வைத்தது ஒரு நிமிஷம். மீதி நான்கு நிமிஷம் அவள் கணக்கில்.

பிறகு ஓடினாள்.

மணியை அடித்ததும் அண்ணி சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்து அரை முகத்தைக் காட்டினாள்.

"என்ன?"

"அண்ணி, கீழ வாங்க. அண்ணன் மெஷினுக்கும் காருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்."

"அவர் வெளிய போயிருக்கார்."

"போகல. ஷெட்லதான் இருக்கான். வாங்கன்னா!"

அண்ணி செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள். புருஷனைப் பார்த்ததும் அலறிக்கொண்டு மெஷினைப் பிடித்து இழுக்கப் போனாள். தங்கை அவள் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"இப்படி இழுத்தா கால் போயிடும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

"உன் மெஷின்தானே! உன் மெஷின்தானே இது பண்ணிச்சு!"

"ஆமா. அப்புறம் திட்டுங்க. இப்போ அந்தப் பக்கம் போய் இந்த மூலையைப் பிடிங்க."

ஜாக்கியை எடுத்துப் பின்பக்க மூலைகளை ஒரு விரற்கடை அளவுக்குத் தூக்கி, சக்கரங்களைக் கையால் திருப்பி, இழுக்க வேண்டிய திசைக்கு வைத்து இறக்கினாள். முன்சக்கரங்களைத் தூக்க வழியில்லை. தூக்கினால் விளிம்பு அவன் தொடையின்மேல் ஏறும். அவை நகரும்போதுதான் திரும்ப வேண்டும். அந்த ஒரு கணம் மெஷின் கோணாமல் அண்ணி பிடித்திருக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுவேன். மெஷின் உங்க பக்கம் வரப் பாக்கும். இடுப்பைக் கொடுத்து நில்லுங்க. விடக் கூடாது."

"மூணு சொல்லும்போதா, சொன்னப்புறமா?"

"சொல்லும்போது!"

"சீக்கிரம் பண்ணித் தொலைங்க ரெண்டு பேரும்," என்றான் நடுவிலிருந்தவன்.

மூன்று என்றதும் தங்கை உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்து இழுத்தாள். முன்சக்கரங்கள் முனகித் திரும்பின. மெஷின் அண்ணி பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. அண்ணி "ஐயோ" என்று கத்தினாளே தவிர விடவில்லை. அரையடி வந்தது. ஒரு அடி வந்தது. தங்கை பக்கவாட்டில் காலை நீட்டி முன்சக்கரப் பிரேக்கை மிதித்தாள். அண்ணன் துணிமூட்டை சரிவதுபோலக் காரின் முன்னால் சரிந்து உட்கார்ந்தான்.

சாவி கிடைத்தது. அண்ணி காரை ஓட்ட, தங்கை பின் இருக்கையில் அவன் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எலும்பில் விரிசல், சதையில் ஆழமான காயம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எவ்வளவு நேரம் நசுங்கி இருந்தது? சரியாச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் ரத்தப் பரிசோதனை, மத்ததெல்லாம்."

"ஒரு இருபது நிமிஷம் இருக்கும்," என்றான் அண்ணன். "தங்கச்சி வந்த உடனே எடுத்துட்டா."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தஞ்சுன்னு எழுதிக்கங்க," என்றாள் தங்கை. டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் நாற்காலி வரிசையில் அண்ணியும் அவளும் ஒரு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு உள்ளே கொதித்தது. அவன் அவளைக் காப்பாற்றிவிட்டான். கேட்காமலே. இனி ஆயுளுக்கும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம், போலீசைக் கூப்பிட்டிருக்கலாம்.

"அண்ணி. வந்த உடனே எடுக்கல. நாலு நிமிஷம் சும்மா நின்னேன்."

அண்ணி திரும்பினாள். "ஏன்?"

"ஷெட்டை டைல்ஸ்காரருக்கு விடப் பாத்திருக்கான். அதைக் கேட்டுட்டு நின்னேன். நகராட்சிக்குப் புகார் எழுதினதும் தான்தான்னு சொன்னான்."

அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, மெஷின் இடித்த இடத்தில் இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"புகாரை எழுதினது நான்," என்றாள். "அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். அந்தச் சத்தத்துல ரெண்டு வருஷமா எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாப் போச்சு. உனக்கு அது தெரியுமா? ஒருநாள் கேட்டியா?"

"நீங்க ஒருநாள் சொன்னீங்களா?"

"சொல்ற மாதிரியா நீ இருக்கே?"

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாலு நிமிஷம் நின்னதை நான் மறக்க மாட்டேன். மறப்பேன்னு நெனச்சுக்காதே."

"நெனைக்கல," என்றாள் இவள்.

அண்ணன் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். டைல்ஸ்காரர் ஒருமுறை வந்து, கதவில் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. கார் தெருவிலேயே நின்றது. யாரும் பேசி முடிவெடுத்து அப்படி நிற்கவில்லை. ஓட்ட ஆளில்லாமல் நின்றது, அப்படியே பழகிவிட்டது.

அவள் சக்கரக் கடைக்குப் போய் நேராக மட்டும் ஓடுகிற இரண்டு சக்கரங்களை வாங்கி மெஷினின் பின்பக்கம் மாட்டினாள். நான்குக்கும் பிரேக். மதிய ஓய்வை இரண்டு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாக்கினாள். அதை மாடிக்குச் சொல்லி அனுப்பவில்லை. காது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

எதிர்வீட்டுக்கும் போனாள். ஒரு வருஷத்துக்கு முன் கத்திய அதே அறையில், நோயாளிகள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

"டாக்டர், புகார் நீங்க எழுதல. எனக்கு இப்போதான் தெரிஞ்சது. அன்னிக்கு இவங்க முன்னாடிதான் கத்தினேன், அதனால இவங்க முன்னாடியே சொல்றேன். தப்பு என்னோடது."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அன்னிக்கு எழுந்து போன ரெண்டு பேரும் திரும்பி வரலம்மா," என்றார். "நீங்க சொன்னது சரி. ஆனா எனக்கு உடனே சிரிச்சுப் பேச வரல. போயிட்டு வாங்க."

அவள் போய்விட்டு வந்தாள்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரம், அவள் பலகைகளை இழைத்துக்கொண்டிருந்தபோது ஷெட் வாசலில் அண்ணன் நின்றான். கையில் ஊன்றுகோல். அவள் மெஷினை நிறுத்தினாள். அது சுற்றி ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"என்ன?"

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "அன்னிக்கு. நகராட்சி விஷயம் தெரிஞ்சப்புறம். பேசாம நின்னியே, அப்போ என்ன நெனச்சே?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாமான்னு நெனச்சேன்."

அவன் தலையை ஆட்டினான். அவள் எதிர்பார்த்த கோபம் அவன் முகத்தில் வரவில்லை.

"நானும் அதைத்தான் நெனச்சேன். இவ போக மாட்டா, நிப்பான்னு," என்றான். "ஆஸ்பத்திரியில உன்னைக் காப்பாத்தணும்னு சொல்லல. உங்கிட்ட அப்படி மாட்டிக்கிட்டேன்னு வெளிய தெரிய எனக்குத்தான் வெக்கமா இருந்தது."

"எனக்கும் வெக்கம்தான்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேன்."

திரும்பி மாடிப்படியை நோக்கி நடந்தான். ஒவ்வொரு படியிலும் முதலில் கோல், பிறகு நல்ல கால், பிறகு மற்றது. நடுவில் ஒருமுறை தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்தான். அவள் உதவிக்குப் போகவில்லை. ஆனால் அவன் கடைசிப் படி ஏறி உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை மெஷினைப் போடாமல் வாசலிலேயே நின்றாள்.